வன்னியில் ஏதப்பா வீடியோ கேம்?

02.02.2024

ஒரு தம்பி கேட்டது, அப்படியே தருகிறேன்: "கரண்டே இல்லாத வன்னியில் வளர்ந்தவர்கள் எல்லாம் இப்போது மரியோ, கொன்ட்ரா என்று சின்ன வயது நினைவு எழுதுகிறார்கள். சென்னைப் பெடியள் போடுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு எங்களுக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது என்று கற்பனை பண்ணுகிறீர்களா? யார் வீட்டில் இருந்தது, எந்த ஆண்டில், எந்தக் கரண்டில்?"

02.02.2024, இரவு

பாதி சரி. தொண்ணூறுகளில் எங்களிடம் வீடியோ கேம் இல்லை. எரிபொருள், சீமெந்து என்று தொடங்கி ரோச் பற்றரி வரைக்கும் வன்னிக்குள் கொண்டுவர அரசாங்கத் தடை இருந்த போர்க்காலம் அது. செய்தி கேட்பதற்குச் சயிக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ போட்ட ஊரில் கேம் எங்கே வரும்? நாங்கள் 1996இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, அக்கராயன், ஸ்கந்தபுரம் என்று ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில் மல்லாவியில் கொட்டில் போட்டோம். இரவில் ஜாம் போத்தல் விளக்குத்தான்.

ஆனால் தம்பி 2002ஐ மறந்துவிட்டார். வன்னியை ஊடறுத்து யாழ்ப்பாணம் போகிற ஏ-9 பாதை திறந்ததும் அதுவரைக்கும் வராத சாமான் எல்லாம் ஒரே அடியாக வந்து இறங்கியது. பிளாஸ்ரிக் கதிரை, மோட்டார் சைக்கிள், கலர் ரிவி, கூடவே ரிவி கேம். சுப்பர் மரியோ ஜப்பானில் வெளிவந்தது 1985இல். மல்லாவிக்கு வந்தது 2003இல். உலகம் அப்போது பிளேஸ்ரேசன் 2 விளையாடிக்கொண்டிருந்தது என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் ஒருவரும் கவலைப்பட்டிருக்க மாட்டோம். மற்ற ஊர்க்காரர் தங்கள் சின்ன வயதை கேம் வெளிவந்த ஆண்டை வைத்துச் சொல்கிறார்கள். நாங்கள் பாதை திறந்த ஆண்டையும் பூட்டிய ஆண்டையும் வைத்துத்தான் சொல்ல முடியும். 2002 திறப்பு, 2006 ஆகஸ்ட் பூட்டு. என் வீடியோ கேம் காலம் அந்த இடைவெளிக்குள் அடங்கும்.

03.02.2024

எந்தக் கரண்டு என்பதற்குப் பதில்: கார் பற்றரி.

ஜெனரேற்றர் வசதியானவர்களிடம் இருந்தது, அதையும் கலியாண வீட்டுக்கும் இரவிரவாகப் படம் போடுவதற்கும்தான் இழுப்பார்கள். மற்ற வீடுகளில் பற்றரியில் ஓடுகிற சின்னக் கறுப்பு வெள்ளை ரிவி. பற்றரியைச் சயிக்கிள் கரியரில் பழைய ரியூப்பால் இறுக்கிக் கட்டி, சார்ஜ் போடுகிற கடையில் காலையில் கொடுத்தால் பின்னேரம் எடுக்கலாம். அசிட் பட்டுக் காற்சட்டையில் ஓட்டை விழுந்து வீட்டில் அடி வாங்காத பெடியன் எங்கள் ஒழுங்கையில் இல்லை.

கேம் பெட்டியோடு வருகிற அடப்ரர் ஒன்பது வோல்ற். அதன் வயரை வெட்டி நேரே பற்றரியில் கொழுவினோம். பெட்டிக்குள் 7805 என்று மூன்று கால் உள்ள ஒரு ரெகுலேற்றர் இருக்கும். வருவதை ஐந்து வோல்ற்றாக்கி உள்ளே அனுப்பிவிட்டு மிச்சத்தைச் சூடாக வெளியே விடுவதுதான் அதன் வேலை. ஒன்பது கொடுத்தால் நாலு வோல்ற் சூடாகப் போகும், பன்னிரண்டு கொடுத்தால் ஏழு. கொஞ்ச நேரத்திலேயே மூடியில் கை வைக்க முடியாது. றேடியோ திருத்துகிற ஒரு அண்ணை பிஸ்கற் ரின்னில் ஒரு துண்டு வெட்டி, வளைத்து, ரெகுலேற்றரின் முதுகில் ஸ்குறூவால் முறுக்கிவிட்டார். சூடு குறைந்தது. மூடி பூட்டுப்படவில்லை. அதற்குப் பிறகு பெட்டி வாயைத் திறந்தபடியேதான் கிடந்தது, இரவில் பூச்சி விழாமல் இருக்க அம்மா அதன் மேல் ஒரு வலைத்துண்டு போட்டுவிடுவார்.

பற்றரி இறங்குவது படத்திலேயே தெரியும். நாலு பக்கமும் கறுப்பு ஓரம் விழுந்து படம் உள்ளுக்குச் சுருங்கிக்கொண்டே வரும். மரியோ எட்டாம் உலகத்தில் நிற்கிறாரா முதலாம் உலகத்தில் நிற்கிறாரா என்று அது பார்க்காது. பாதியில் சேமித்துவைக்கிற வசதி அந்த ஆட்டத்தில் கிடையாது. அதனால் எங்கள் ஒழுங்கையில் குறுக்குவழிதான் ஒரே வழி. 1-2இல் மேல்கூரைக்கு மேலே ஏறி ஓடினால் நாலாம் உலகத்துக்குக் குழாய் இருக்கும், 4-2இல் மறைந்திருக்கிற கொடியில் ஏறினால் எட்டாம் உலகம். நடுவில் இருக்கிற ஐந்து, ஆறு, ஏழை நான் வளர்ந்து கொம்பியூட்டரில்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

03.02.2024, கொஞ்சம் பிந்தி

பெட்டி எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். பார்வைக்குப் பிளேஸ்ரேசன் ஒன்று. சீடி மூடியைத் திறந்தால் சீடி போட இடம் இராது, கசற் குத்துகிற வாய்தான் இருக்கும். உள்ளே நின்ரெண்டோவின் 1983ஆம் ஆண்டு ஃபமிகொம் மெசினின் நகல். ஒரு பச்சைப் பலகை, அதன் நடுவில் கறுப்பாக உருகி உறைந்த ஒரு பொட்டு, அவ்வளவும் அதற்குள்தான். கசற்றில் 9999 கேம் என்று போட்டிருக்கும். எண்ணிக்கொண்டு போனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு அதே மரியோதான் வேறு பெயரில் திரும்ப வருவார், சில இடத்தில் ஆகாயத்தில் நீந்திக்கொண்டு வருவார். அது கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை, அதற்கும் முறை வைத்து விளையாடினோம்.

கசற்றின் வாயில் ஊதினால் வேலை செய்யும் என்பது உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. ஊதுவதில் ஒன்றும் இல்லை, கழற்றித் திரும்பக் குத்தும்போது கால்கள் நல்ல இடத்தில் தொடுகின்றன, அதுதான் விசயம். வாயின் ஈரம் செம்பைக் கெடுக்கவும் செய்யும். இதைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள் என்று தெரியும். நானே இன்றைக்கும் ஊதித்தான் குத்துவேன்.

04.02.2024

உருத்திரபுரத்து அண்ணை ஒருவர் தாங்கள் சயிக்கிள் டைனமோவில் ரிவி கேம் ஓட்டியதாக எழுதியிருக்கிறார். அண்ணை, உங்கள் மேல் மரியாதை இருக்கிறது, ஆனால் கணக்கு இடிக்கிறது. சயிக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற். சின்னக் கறுப்பு வெள்ளை ரிவிக்கே அதைப்போல நாலைந்து மடங்கு வேண்டும். அப்படியென்றால் ஒருவர் விளையாட ஐந்தாறு பேர் உழக்க வேண்டும், இதற்கு எந்தப் பெடியன் சம்மதிப்பான்? எங்கள் ஒழுங்கையில் தண்ணி அள்ளவே ஆள் பிடிக்க முடியாது.

05.02.2024

ஓமந்தையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எங்கள் மாமா பெட்டியை வவுனியாவில் வாங்கினார். அதோடு ஒரு பிளாஸ்ரிக் துவக்கும் வரும், வாத்துச் சுடுகிற ஆட்டத்துக்கு. மாமா அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். ஓமந்தையில் இராணுவச் சோதனை, அதைத் தாண்டினால் புளியங்குளத்தில் இயக்கத்தின், அதாவது புலிகளின், சோதனை, இரண்டு பக்கத்திலும் பையைக் கொட்டிப் பார்க்கிற காலம். "இதைக் கொண்டுபோய் இரண்டு இடத்திலும் ஆர் விளக்கம் சொல்லுறது?" என்று துவக்கைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டுப் பெட்டியோடு மட்டும் வந்து சேர்ந்தார்.

ஆக எங்கள் வீட்டில் வாத்து இருந்தது, துவக்கு இல்லை. டக் ஹன்ற் போட்டால் வாத்து பறக்கும், நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம், வாத்து போய்விடும், நாய் புல்லுக்குள்ளிருந்து எழும்பிச் சிரிக்கும். அடுத்த வாத்து. திரும்பவும் நாய். சின்னத் தம்பிக்கு அந்த நாயைப் பார்ப்பதற்காகவே அதைப் போட வேண்டும். நின்ரெண்டோவின் மூல ஆட்டத்தில் ஒற்றை வாத்துப் பிரிவில் ஒருவர் சுட, இன்னொருவர் கைப்பிடியால் வாத்தைத் திருப்பித் தப்ப வைக்கலாமாம். கையேடு ஒன்று வந்திருந்தால் அதையாவது செய்திருப்போம்.

துவக்கு உண்மையில் ஒன்றையும் சுடுவதில்லை, அது பார்க்கிறது. விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து நிற்கிற இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாகும். துவக்கின் வாய்க்குள் இருக்கிற வெளிச்ச உணரி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து செத்தது. பழைய குழாய் ரிவியில் படம் உடனுக்குடன் விழுவதால்தான் இது நடக்கும். இப்போதைய தட்டை ரிவியில் படம் ஒரு சொட்டுப் பிந்தி வரும், துவக்குக் குருடாகிவிடும். ஆகையால் இப்போது துவக்கு வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்ட கனடா மச்சானுக்கு: வேண்டாம்.

05.02.2024, இரவு

கறுப்பு வெள்ளையில் விளையாடுவதன் கரைச்சல் கலர் ரிவிக்காரருக்கு விளங்காது. கொன்ட்ராவில் இரண்டு பேர் சேர்ந்து போகலாம், ஒருவருக்கு நீலக் காற்சட்டை, மற்றவருக்குச் சிவப்பு. எங்கள் ரிவியில் இரண்டும் ஒரே சாம்பல். குண்டு பட்டு ஒருவன் விழுந்ததும் "அது நீ", "இல்லையடா அது நீ" என்று தொடங்கும். இரண்டு பேரும் துள்ளிப் பார்த்தால்தான் ஆர் ஆர் என்று தெரியும், துள்ளுகிற நேரத்தில் அடுத்தவனும் சாவான். இரண்டாவது கைப்பிடியில் ஸ்ராட் பட்டனும் இல்லை, ஆட்டத்தை நிற்பாட்ட முடியாது. வயதில் மூத்தவர் முதலாவது கைப்பிடியை எடுப்பது அதனால்தான்.

முப்பது உயிர் தருகிற ரகசியம் 2003இல் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியப்பாவின் மகனோடு வந்தது: மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. அவன் தமிழ் தடக்குவான், ஆனால் இதைத் தடக்காமல் சொன்னான். இதைச் செய்தவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமொத்தோ. 1986இல் வந்த கிராடியஸ் ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கும்போது தனக்கே கடினமாக இருக்கிறது என்று வைத்த குறுக்குவழியாம். நாங்கள் அதைக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் அம்புக்குறியாகக் கீறிவைத்திருந்தோம். ரியூசன் வாத்தியார் பார்த்துவிட்டு இது என்ன திசையறி கணக்கா என்று கேட்டார்.

07.02.2024

வவுனியா அக்கா ஒருவர் கேட்டது: நிசத் துவக்குச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் துவக்குச் சுடுகிற கேமை எப்படி ரசித்தீர்கள்?

இரண்டு நாள் எழுதாமல் விட்டதற்கு இதுதான் காரணம், நல்ல பதில் ஒன்று யோசித்துக்கொண்டிருந்தேன். நல்ல பதில் இல்லை. ரசித்தோம், அவ்வளவுதான். பத்து வயதில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. கொன்ட்ராவின் முதல் கட்டத்துக் காட்டைப் பார்த்து "இது முத்தையன்கட்டுப் பக்கம்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

ஆனால் ராங், அதாவது கவச வண்டி, ஆட்டத்தில் எங்களுக்குக் கருத்து இருந்தது. 1985இல் நம்கோ செய்த பற்றில் சிற்றியின் நகல் அது, கீழே நடுவில் ஒரு கழுகு இருக்கும், சுற்றிவர ஒரே ஒரு வரிசைச் செங்கல், அதை எதிரி ராங்கிகள் உடைக்காமல் நீங்கள் காக்க வேண்டும். முதல் நாள் பார்த்ததுமே எங்கள் கூட்டத்தில் இருந்த எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, இது என்ன பங்கர்? செங்கல் எதுக்காகும்? பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, வாசலை வளைத்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சிலாவ், அதாவது செல் சிதறல், நேரே உள்ளே வரும். தண்டவாளச் சிலிப்பர் கட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. இதை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஜப்பான்காரரின் கேமுக்குத் திருத்தமாகச் சொன்னது. அப்போது எங்களுக்கு அது பகிடியும் இல்லை, சோகமும் இல்லை, கட்டட வேலை பற்றிய அபிப்பிராயம்.

இன்னொன்று இப்போதுதான் படுகிறது. அந்த ஆட்டங்களில் சனம் இல்லை. சுடுகிறவனும் சுடப்படுகிறவனும் மட்டும்தான். மூட்டை கட்டிக்கொண்டு ரோட்டில் நடக்கிற ஒருவரும் திரையின் ஓரத்தில்கூட வருவதில்லை. ஒருவேளை அதனால்தான் அது எங்களுக்குச் சண்டையாகத் தெரியவில்லையோ என்னவோ.

08.02.2024

கையில் வைத்து விளையாடுகிற பிரிக் கேமை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று மூன்று பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். விடவில்லை, வருகிறேன்.

உண்மையில் வன்னியின் கேம் அதுதான். ரிவி வேண்டாம், கார் பற்றரி வேண்டாம், இரண்டு பென்ரோச் பற்றரி போதும். வற்றாப்பளைப் பொங்கலில் கடை விரித்திருப்பார்கள், வளையல், ஊதுகுழல், தண்ணித் துவக்கு, அவற்றுக்கு நடுவில் பிரிக் கேம். அதிலிருக்கிற கட்டை அடுக்கும் ஆட்டம் ரெற்றிஸ், 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் எழுதியது. சோவியத் அரசாங்க ஆய்வுக்கூடத்துக் கொம்பியூட்டரில் பிறந்தது முல்லைத்தீவுக் கோயில் வாசலில் விற்கப்பட்டது என்று யோசித்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கார் ஓட்டம், தவளை, ராங் என்று மற்றவையும் உண்டு. ராங் படு மோசம், அதை நல்லது என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

எங்கள் பெரியக்கா அதில் ராணி. ரிவி கேமில் பெட்டைகளுக்கு முறை வராது, வந்தாலும் "சரி சரி, ஒரு உயிர் மட்டும்" என்பார்கள். பிரிக் கேமை ஆர் கையிலிருந்தும் பறிக்கலாம், ஆனால் அக்காவின் புள்ளியைப் பறிக்க முடியவில்லை. அடுப்படியில் புட்டு அவிகிற நேரத்தில் விளையாடுவா. நீளக் கட்டை வரும் வரைக்கும் வலது பக்கம் ஒரு குழியை விட்டுவைத்துக் காத்திருக்கிற பொறுமை எங்களுக்கு இல்லை, நடுவில் பயந்துபோய் அதற்குள் எதையாவது போட்டு அடைத்துவிடுவோம்.

பாதை பூட்டிய பிறகு பென்ரோச் விலை ஏறியது, பிறகு கிடைக்கவே இல்லை. முடிந்த பற்றரியை வெயிலில் காய வைத்துப் போட்டால் கொஞ்சம் ஓடும். கடித்து நசுக்கியும் போடுவார்கள், அதைச் செய்யாதீர்கள், பல்லுக்கும் கூடாது வயிற்றுக்கும் கூடாது.

08.02.2024, இரவு

உருத்திரபுரத்து அண்ணை திரும்ப வந்திருக்கிறார். டைனமோவில் ஓட்டியது ரிவி கேம் இல்லையாம், பிரிக் கேமாம், றேடியோவுக்குக் கட்டிய டயோட்டையும் கொண்டென்சரையும் வைத்து. அப்படியென்றால் நம்புகிறேன். அந்தச் சாமான் குடிப்பது சொட்டுக் கரண்டு, அரை உழக்கு உழக்கினாலே காணும். ஆனால் உழக்கியது ஆர் என்று அண்ணை இன்னும் சொல்லவில்லை. தம்பியாராகத்தான் இருக்கும்.

10.02.2024

அந்தப் பெட்டி இப்போது எங்கே என்று கேட்கிறார்கள்.

2008 நடுப்பகுதியில் நாங்கள் மல்லாவியை விட்டு வெளிக்கிட்டபோது கொண்டுபோக முடியாத சாமானை மற்றவர்கள் செய்ததுபோல நாங்களும் தாட்டுவிட்டோம். ரிவி, தையல் மெசின், அம்மாவின் இரண்டு பித்தளைக் குடம், கேம் பெட்டி, எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி முருங்கைக்குப் பின்னால் கிடங்கு வெட்டி வைத்தோம். ஐயாவுக்குக் கேம் பெட்டியை வைப்பதில் விருப்பமில்லை, தையல் மெசினுக்குப் பக்கத்தில் இடம் இருந்தபடியால் விட்டார். மீள்குடியேற்றத்தில் வந்து பார்க்க, கிடங்கு ஏற்கெனவே கிண்டப்பட்டிருந்தது. குடம் ஒன்று மட்டும் நெளிந்து கிடந்தது. ஆர் கிண்டினார்கள் என்று தேடுவதில் பயனில்லை, அந்த நேரத்தில் ஊர் முழுக்க அதுதான் நடந்தது. அம்மா இப்போதும் பேசுவது தையல் மெசினைப் பற்றி.

11.02.2024

மேலே எழுதியதை வாசித்துவிட்டு எல்லாரும் அழுகை முகம் போடுகிறீர்கள். போதும். 2011இல் வவுனியாவில் படிக்கப் போய் நெற் கபே ஒன்றில் வைஸ் சிற்றியைப் பிடித்தோம், அது 2002இல் வெளிவந்த ஆட்டம், திரும்பவும் பழசுதான் எங்களுக்குப் புதுசு. விசைப்பலகையில் பன்சர் என்று அடித்தால் ரோட்டில் ஒரு ராங்கி வந்து விழும். மற்றப் பெடியள் வந்ததும் வராததுமாக அதைத்தான் அடிப்பார்கள். எங்கள் பக்கத்துப் பெடியளுக்குப் பிடித்தது லீவ் மீ அலோன், அதை அடித்தால் துரத்துகிற பொலிசு திரும்பிப் போய்விடும்.

முதல் நோக்கியாவையும் சிலர் கேட்டார்கள். பாம்பு ஆட்டத்தைப் பின்லாந்தில் தனெலி அர்மாந்தோ 1997இல் நோக்கியா 6110க்காக எழுதினார். எங்களுக்கு அது கிடைத்தபோது எனக்கு மீசை வந்துவிட்டது. ஆகையால் அது இந்தக் கணக்கில் சேராது, அதற்கு வேறொரு நாள்.

13.02.2024

கடைசியாக உருப்படியான ஒரு கேள்வி. கிளிநொச்சித் தம்பி ஒருவர் பழைய கேம் பெட்டி ஒன்று வாங்கிக் கலர் ரிவியில் கொழுவினாராம், படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வருகிறதாம், விற்றவர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்கிறார்.

ஏமாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். இலங்கையில் ரிவிக்குக் கலர் அனுப்புவது பால் (PAL) என்கிற முறை. ஜப்பான், அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த பெட்டி என்ரிஎஸ்சி (NTSC) என்கிற வேறு முறையில் கலரை அனுப்பும், பால் மட்டும் தெரிந்த ரிவிக்கு அந்தக் கலர் விளங்காது, வெளிச்சத்தை மட்டும் எடுத்துக் காட்டும். ரிவி மெனுவுக்குள் போய் கலர் சிஸ்ரம் என்பதை ஓட்டோவிலோ என்ரிஎஸ்சியிலோ விட்டுப் பாருங்கள். புது ரிவிகளில் அனேகமாகச் சரிவரும். சரிவராவிட்டால் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், எனக்குச் சொல்லுங்கள், வாங்கின விலைக்கே எடுக்கிறேன். அடப்ரரையும் சேர்த்துத் தாருங்கள், இந்த முறை வெட்ட மாட்டேன்.